வரலாற்றுப் பட்டமும் கல்விக்கடனும்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

வரலாறு படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "படித்துவிட்டு என்ன சம்பாதிப்பாய்?" கேள்வியில் தவறு இல்லை, ஆனால் அது பாதிக் கேள்விதான். எவ்வளவு கடன் வாங்கிப் படிக்கிறோம், அந்தக் கடனை எப்போது கட்டத் தொடங்க வேண்டும் என்பது மீதிப் பாதி. வருமானத்தை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, கடனைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் அமெரிக்காவை வைத்துப் பேசுகிறது. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தவர்கள் எவ்வளவு கடனோடு வெளியே வந்தார்கள், பிறகு எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதை அந்த நாட்டு அரசே பாடவாரியாக வெளியிடுகிறது. அந்த வசதி இருக்கும் இடத்தில் கணக்கைக் கற்றுக்கொள்வது எளிது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் இடையில் கொஞ்சம் வந்து போகும், ஏனென்றால் அங்கே கல்விக்கடன் வேறு விதமாக நடந்துகொள்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரலாற்றுப் பட்டதாரியின் வருமானம் மெதுவாக ஏறுகிறது. கடன் தவணையோ படிப்பு முடிந்த ஆறு மாதத்தில் முழு அளவில் வந்து நிற்கிறது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சமாளிக்கக்கூடிய பட்டம்கூட, முதல் ஏழெட்டு ஆண்டுகளில் கழுத்தை நெரிப்பது இதனால்தான். ஆகவே "மொத்தத்தில் லாபமா" என்று கேட்பதற்கு முன் "முதல் சில ஆண்டுகளைத் தாண்ட முடியுமா" என்று கேட்க வேண்டும்.

அரசு தரும் இரண்டு எண்கள்

அமெரிக்கக் கல்வித் துறை 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்ற தரவுத் தளத்தை நடத்துகிறது. 2013-இல் தொடங்கியது. 2015-இல் வருமான விவரம் சேர்ந்தது, 2019-இல் பாடவாரியான விவரமும் வந்தது. ஒரு கல்லூரியின் பெயரைப் போட்டு, பாடப் பட்டியலில் வரலாற்றைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு எண்கள் கிடைக்கும்: பட்டம் முடித்தவர்களின் நடு அளவுக் கடன், நடு அளவு வருமானம்.

நடு அளவு என்றால் என்ன? எல்லோரையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் எண். பாதிப்பேர் அவரைவிட அதிகம் வாங்குகிறார்கள், பாதிப்பேர் குறைவாக. சராசரியை விட இது நம்பகமானது. ஒரே வகுப்பில் ஒருவர் பெரிய வழக்கறிஞராகிக் கோடிகளில் சம்பாதித்தால் சராசரி எகிறிவிடும், நடு அளவு அசையாது. வரலாறு மாதிரி ஒரு பாடத்தில் இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் இங்கே ஆட்கள் பல திசைகளில் சிதறிப் போகிறார்கள். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர், ஜோ பைடன் டெலவேர் பல்கலைக்கழகத்தில் வரலாறும் அரசியல் அறிவியலும் படித்தவர். இப்படிப்பட்ட பட்டியலை யாராவது காட்டினால் ரசித்துவிட்டு மூடி வைத்துவிடலாம். அதை வைத்துச் சம்பளத்தைக் கணிக்க முடியாது.

அரசு எண்களிலும் சில ஓட்டைகள் இருக்கின்றன. வருமானக் கணக்கில் வருபவர்கள் மத்திய அரசின் கடனோ உதவித்தொகையோ பெற்ற மாணவர்கள் மட்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பலர் அதில் இல்லை. மேற்படிப்பில் இருப்பவர்களும் சேர மாட்டார்கள். மாணவர் எண்ணிக்கை குறைவான துறை என்றால் தனியுரிமைக்காக எண்ணையே மறைத்துவிடுவார்கள், சிறிய கல்லூரிகளின் வரலாற்றுத் துறைக்கு இது அடிக்கடி நடக்கும்.

கடன் எண்ணில் இன்னும் பெரிய ஓட்டை உண்டு. அது கடன் வாங்கியவர்களின் நடு அளவு, வாங்காதவர்கள் அதில் சேர்வதில்லை. அதோடு, மத்திய அரசுக் கடனை மட்டும்தான் எண்ணுகிறது. தனியார் வங்கியில் வாங்கியது அதில் இல்லை. பெற்றோர் தம் பெயரில் வாங்கும் 'பேரண்ட் பிளஸ்' கடனும் முதன்மை எண்ணில் சேராது, தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். "இங்கே படித்தவர்களுக்குக் கடன் 25,000 டாலர்தான்" என்று சொல்லும்போது, அப்பா அம்மா பெயரில் இன்னொரு 40,000 இருக்கலாம். சம்பளம் பிள்ளைக்கு வரும், தவணை பெற்றோருக்கு வரும். குடும்பத்துக்குள் இதைப் பேசாமலே விட்டுவிடுவதுதான் வழக்கம், பிறகு அதில்தான் மனக்கசப்பு முளைக்கிறது.

மாதத் தவணையாக மாற்றிப் பாருங்கள்

கடனின் மொத்தத் தொகையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் விளங்காது. மாதத் தவணையாக மாற்றினால்தான் சம்பளத்தோடு ஒப்பிட முடியும்.

பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவருக்கு அமெரிக்க மத்திய அரசு நேரடிக் கடனுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது: முதல் ஆண்டு 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு 6,500, அதன்பின் ஆண்டுக்கு 7,500. நான்கு ஆண்டில் முடித்தால் 27,000 டாலர். எவ்வளவு ஆண்டு இழுத்தாலும் 31,000-க்கு மேல் போகாது. இதில் ஒரு பகுதிக்கு, தேவை இருப்பதாகக் கணக்கிட்டால், படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்றுக்கொள்ளும். மீதிக்குக் கையெழுத்துப் போட்டுப் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வட்டி விகிதம் ஆண்டுதோறும் மாறும். மே மாதம் நடக்கும் 10 ஆண்டு அரசுக் கடன்பத்திர ஏலத்தின் விகிதத்தோடு 2.05 சதவீதப் புள்ளிகள் சேர்ப்பார்கள். 2020-21-இல் வாங்கிய இளங்கலைக் கடனுக்கு 2.75 சதவீதம், 2024-25-இல் 6.53, 2025-26-இல் 6.39. வாங்கிய ஆண்டின் விகிதம் அந்தக் கடனுக்குக் கடைசிவரை மாறாது. ஒரே பாடம், ஒரே கல்லூரி, ஐந்து ஆண்டு இடைவெளி, வட்டி இருமடங்குக்கும் மேல். இதில் வரலாற்றின் குற்றம் எதுவும் இல்லை, பிறந்த ஆண்டின் அதிர்ஷ்டம்தான்.

சரி, 27,000 டாலரை 6.39 சதவீதத்தில் 10 ஆண்டில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 305 டாலர். கட்டி முடிக்கும்போது மொத்தம் 36,600 போயிருக்கும், அதில் 9,600 வட்டி. அதே தொகையை 15 ஆண்டுக்கு நீட்டினால் மாதம் சுமார் 234 டாலராகக் குறையும், ஆனால் மொத்தம் 42,000-ஐத் தொட்டுவிடும். 2026 ஜூலை 1 முதல் வாங்கும் புதிய கடன்களுக்கு இந்த நீட்டல் தானாகவே வரும். புதிய சட்டப்படி 25,000-க்குக் கீழே இருந்தால் 10 ஆண்டு, 25,000 முதல் 50,000 வரை 15 ஆண்டு என்று காலம் கடனின் அளவோடு சேர்ந்து நீள்கிறது. கடனை 25,000-க்குள் நிறுத்தினால் மாதத் தவணை கூடுதலாகத் தெரியலாம், ஆனால் ஐந்து ஆண்டு முன்னால் விடுதலை.

இந்தத் தவணை எவ்வளவு சம்பளத்துக்குத் தாங்கும்? அமெரிக்க அரசு சில படிப்புகளைச் சோதிக்க வகுத்த ஓர் அளவுகோல் உண்டு. ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்கியபின் மிஞ்சும் வருமானத்தில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அது படிப்புகளை எடைபோட வந்த விதி, தனி ஆளுக்கு எழுதியது அல்ல. ஆனாலும் தனி ஆளுக்கும் நல்ல கைவிளக்கு. அரசின் கணக்கில் இளங்கலைக்கு 15 ஆண்டுத் தவணை. நான் 10 ஆண்டு வைத்துக் கொஞ்சம் கடுமையாகவே பார்க்கச் சொல்வேன், வாழ்க்கை அரசு விதியைவிடக் கறாரானது.

10 ஆண்டுக் கணக்கில் 27,000 டாலர் கடனுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,660 கட்ட வேண்டும். இது 8 சதவீதத்துக்குள் அடங்க வருமானம் கிட்டத்தட்ட 45,800 டாலர் வேண்டும். கடன் 12,000 என்றால் மாதம் 136 டாலர், 20,000 டாலருக்குச் சற்று மேல் சம்பளம் இருந்தாலே போதும். 60,000 என்றால் மாதம் 678, அதற்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் தேவைப்படும். அந்த 60,000 முழுவதையும் மத்திய அரசு மாணவருக்குத் தராது, பாதிக்கு மேல் தனியார் வங்கியோ பெற்றோரோ தர வேண்டியிருக்கும், அவற்றின் நிபந்தனைகளும் வேறு. இருந்தாலும் ஒப்பீட்டுக்கு இது போதும்.

இந்த மூன்று அளவில் கடன் வாங்கிய மூன்று பேரும் பெற்றது ஒரே பெயருள்ள பட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையில் மூவருக்கும் ஒரே சம்பளம்கூட இருக்கலாம். ஒருவருக்கு அது தாராளமான படிப்பு, ஒருவருக்கு விளிம்பில் நிற்கும் படிப்பு, ஒருவருக்குப் படுகுழி. வரலாறு நல்ல முதலீடா என்ற கேள்விக்கு விலையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். அமெரிக்கக் கல்லூரிகள் அச்சிடும் கட்டணத்தை அப்படியே நம்ப வேண்டாம். உதவித்தொகை கழித்தபின் நீங்கள் கட்டப்போகும் நிகரத் தொகைதான் பேச்சு. 2011 முதல் ஒவ்வொரு கல்லூரியும் அதை மதிப்பிடும் கருவியைத் தன் தளத்தில் வைத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் போட்டால் ஓரளவு பதில் வரும். பெரிய நிதிக் கையிருப்புள்ள தனியார் கல்லூரி, பக்கத்து அரசுக் கல்லூரியைவிட மலிவாக வந்து நிற்பதும் உண்டு. அப்புறம், உதவித்தொகை நான்கு ஆண்டுக்கா, முதல் ஆண்டுக்கு மட்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வருமானம் எப்போது வருகிறது?

நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கி பாடவாரியாக ஓர் அட்டவணையை வெளியிடுகிறது. 22 முதல் 27 வயது வரை என்ன சம்பளம், 35 முதல் 45 வயது வரை என்ன சம்பளம், எத்தனை பேர் பட்டம் தேவைப்படாத வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் மேற்படிப்பு முடித்தவர்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். வரலாற்று வரியைப் படித்தால் படம் தெளிவாகிவிடும். தொடக்கச் சம்பளம் பொறியியலைவிட வெகுவாகக் குறைவு. இளம் பட்டதாரிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் பட்டம் கேட்காத வேலையில் இருக்கிறார்கள். ஆனால் நடுவயதில் சம்பளம் நன்றாக ஏறியிருக்கிறது. மேற்படிப்புக்குப் போனவர்களும் ஏறத்தாழ பாதி.

இந்த அட்டவணையின் சம்பளக் கணக்கில் இளங்கலையோடு நின்றவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். சட்டம் படித்து வழக்கறிஞரான வரலாற்று மாணவர் அதில் இல்லை, முதுகலை முடித்துப் பள்ளி முதல்வரானவரும் இல்லை. வரலாறு படித்தவர்களில் பாதியை வெளியே வைத்துவிட்டு எடுத்த எண் அது. மறுபக்கம், "வரலாறு படித்தவர்கள் பின்னால் பிடித்துவிடுகிறார்கள்" என்று மகிழ்ச்சியாகச் சொல்லும் கணக்குகளில் மேற்படிப்புச் சம்பளமும் சேர்ந்திருக்கலாம், அதற்கு வாங்கிய கடன் சேர்ந்திருக்காது. எந்த எண்ணைப் பார்த்தாலும் "இதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை" என்று ஒரு நிமிடம் நின்று கேட்பது நல்ல பழக்கம்.

பின்னால் பிடித்துவிடுவது என்பது வெறும் ஆறுதல் பேச்சும் இல்லை. ஹார்வர்டு பொருளாதார அறிஞர் டேவிட் டெமிங், தொழில்நுட்பப் படிப்புகளின் சம்பள முன்னிலை வயது ஏற ஏறச் சுருங்குகிறது என்று காட்டியிருக்கிறார். அவர் சொல்லும் காரணம் நியாயமாகப் படுகிறது: தொழில்நுட்ப வேலையில் கற்ற திறன் சில ஆண்டுகளில் பழசாகிவிடுகிறது, புதிதாகப் படித்து வருபவன் புதுத் திறனோடு வருகிறான். சமூக அறிவியல், வரலாறு படித்தவர்கள் மெதுவாக நிர்வாகம், சட்டம், வணிகம் பக்கம் நகர்ந்து மேலே போகிறார்கள். ஆனால் அவர் கணக்கில் சமூக அறிவியலும் வரலாறும் ஒரே கூட்டம். பொருளாதாரம் படித்தவர்களும் அதில் அடக்கம், அவர்கள் சம்பளம் உயரம். வரலாற்றை மட்டும் பிரித்தெடுத்தால் அதே உயரம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எப்படியானாலும் 40 வயதில் வரும் நல்ல சம்பளத்தை வைத்து 24 வயதில் தவணை கட்ட முடியாது. வரலாற்றுப் பட்டத்துக்கு உண்டான கஷ்டமே இதுதான். கடன் குறைவாக இருந்தால் அந்த இடைவெளியில் அருங்காட்சியகத்தில் குறைந்த சம்பள வேலை பார்க்கலாம், ஆவணக் காப்பகத்தில் பயிற்சி எடுக்கலாம், மெதுவாக நல்ல இடத்துக்கு நகரலாம். கடன் கூடுதலாக இருந்தால் முதலில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்க நேரம் இருக்காது. கடன் பணத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, காத்திருக்கும் வசதியையும் எடுத்துக்கொள்கிறது. வரலாறு படித்தவருக்கு அந்தக் காத்திருப்புதான் மூலதனம்.

குறைந்த சம்பளத்துக்கு வரலாறுதான் காரணமா?

புள்ளிவிவரம் படிப்பவர்கள் உடனே கேட்கும் கேள்வி இது. பொறியியல் படித்தவர் அதிகம் சம்பாதிக்கிறார் என்றால் அது பொறியியலாலா, அல்லது கணக்கில் கெட்டிக்காரரும் பணத்தில் நாட்டமுள்ளவரும் பொறியியலுக்குப் போவதாலா? இரண்டாவதுதான் என்றால், வரலாற்றில் ஆர்வமுள்ளவரைப் பிடித்துப் பொறியியலில் தள்ளியும் பயன் இல்லை.

இதைச் சோதிப்பது கடினம், யாரையும் சீட்டுக் குலுக்கிப் பாடத்தில் சேர்க்க முடியாதே. ஆனால் சாண்டா குரூஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட அப்படி ஒன்று தற்செயலாக நடந்தது. பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாக எடுக்க அடிப்படைத் தாள்களில் 2.8 என்ற தரப்புள்ளி (உச்சம் 4) வேண்டும் என்று விதி. 2.79 எடுத்தவரும் 2.81 எடுத்தவரும் திறமையில் ஒன்றுதான், ஆனால் ஒருவர் பொருளாதாரத்துக்குப் போகிறார், இன்னொருவர் பெரும்பாலும் வேறொரு சமூக அறிவியலுக்குப் போகிறார். சாகரி பிளீமர், ஆஷிஷ் மேத்தா இருவரும் இந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் நின்றவர்களைப் பின்தொடர்ந்தார்கள். மயிரிழையில் பொருளாதாரத்தில் நுழைந்தவர்கள் வேலையின் தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 22,000 டாலர் அதிகம் சம்பாதித்தார்கள், 46 சதவீதம் கூடுதல். ஒரு காரணம், அவர்கள் எந்தத் துறையில் வேலை தேடப் போனார்கள் என்பது. பொருளாதாரம் படித்தவர் நிதித் துறைப் பக்கம் போகிறார்.

ஆக, பாடம் சம்பளத்தை உண்மையாகவே மாற்றுகிறது. "ஆர்வத்தோடு படித்தால் எதிலும் சம்பாதிக்கலாம்" என்ற பேச்சுக்கு இது அடி. ஆனால் முழு அடி இல்லை. நார்வேயில் லார்ஸ் கிர்க்கெபோயன், எட்வின் லூவன், மாக்னே மோக்ஸ்டாட் மூவரும் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஒரு பாடத்தின் பலனைச் சொல்ல, அது கிடைக்காவிட்டால் அந்த மாணவர் எதைப் படித்திருப்பார் என்றும் தெரிய வேண்டும். அதோடு, மாணவர்கள் தங்களுக்குக் கைவரும் பாடத்தைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் மாற்று பொருளாதாரம் என்றால் வரலாற்றைத் தேர்வதால் கணிசமான பணத்தை விடுகிறீர்கள். உங்கள் மாற்று ஆங்கில இலக்கியமோ சமூகவியலோ என்றால் விடும் பணம் சொற்பமாக இருக்கலாம். உங்கள் மாற்று, பிடிக்காத பொறியியலில் சேர்ந்து பாதியில் நிற்பது என்றால் கணக்கே தலைகீழ்.

பாதியில் நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கடனைக் கட்டமுடியாமல் தவறுபவர்களில் பெருங்கடன்காரர்களைவிடச் சிறுகடன்காரர்கள் அதிகம். விசித்திரமாகத் தோன்றும், காரணம் எளிது. அவர்களில் பலர் படிப்பை முடிக்காதவர்கள், கடன் இருக்கிறது, பட்டம் இல்லை. எந்தப் பாடம் என்ற கவலைக்கு முன் "இந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள்" என்பதைப் பாருங்கள். அதுவும் ஸ்கோர்கார்டிலேயே இருக்கிறது.

மேற்படிப்பு என்னும் இரண்டாவது கடன்

வரலாற்றைத் தனித்து எடைபோட முடியாமல் செய்வது மேற்படிப்புதான். வரலாற்றாசிரியர் என்ற பதவிப் பெயரிலேயே வேலை பார்ப்பவர்கள் அமெரிக்கா முழுக்கச் சில ஆயிரம் பேர்தான், அதற்கும் பெரும்பாலும் முதுகலையாவது கேட்பார்கள். எனவே இளங்கலை மாணவர் பலர் இன்னொரு படிப்புக்குப் போகிறார்கள்: சட்டம், ஆசிரியப் பயிற்சி, நூலக அறிவியல், பொது நிர்வாகம், சிலர் முனைவர் பட்டம்.

முனைவர் பட்டத்தில் என் நிலைப்பாடு கறாரானது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தரும் இடம் கிடைத்தால் போகலாம், பணம் கட்டிப் படிக்கக் கூடாது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வரலாற்றுப் பேராசிரியர் பணியிடங்கள் வெகுவாகச் சுருங்கின. அமெரிக்க வரலாற்றுச் சங்கம் வெளியிட்ட கணக்குப்படி 2008-க்கும் 2017-க்கும் இடையே வரலாற்று இளங்கலைப் பட்டங்களே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மாணவர் குறைந்தால் ஆசிரியர் தேவையும் குறையும். அந்தச் சந்தைக்குள் கடனோடு நுழைவதை நியாயப்படுத்தும் கணக்கு எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

சட்டப் படிப்பு வேறு விதம். பலன் பெரியதாக இருக்கலாம், கடனும் பெரியது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால் 2026 ஜூலை முதல் புதியவர்களுக்கு, மேற்படிப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் 'கிராட் பிளஸ்' கடன் நிறுத்தப்படுகிறது. சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் என்ற உச்சவரம்பு. மற்ற மேற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் ஒரு லட்சம். முன்பு கேட்ட அளவு கிடைத்த கடன் இனி கிடைக்காது, மீதிக்குத் தனியாரிடம் போக வேண்டும். "இப்போது வரலாறு, அப்புறம் சட்டம்" என்று திட்டம் போடுபவர் இரண்டு படிப்பின் கடனையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சின்னதாகத் தெரியும்.

எல்லாக் கடனும் ஒரே மாதிரி இல்லை

இங்கிலாந்தில் 2023 ஆகஸ்ட் முதல் இளங்கலை சேர்ந்தவர்களுக்கான திட்டத்தில், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டிய பகுதியில் 9 சதவீதம் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். 30,000 பவுண்டு சம்பளம் என்றால் ஆண்டுக்கு 450 பவுண்டு, மாதம் 37.50. கடன் 30,000 பவுண்டா, 60,000 பவுண்டா என்பது மாதப் பிடித்தத்தை மாற்றாது. வேலை போனால் பிடித்தமும் நிற்கும். 40 ஆண்டு ஆனதும் மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள். கடன் என்று பெயர், நடத்தை ஒரு வரி மாதிரி. வருமானம் மெதுவாக ஏறும் வரலாற்றுப் பட்டதாரிக்கு இந்த அமைப்பு முதல் ஆண்டுகளில் வசதி. ஆனால் 40 ஆண்டு என்பது வேலைக்காலம் முழுவதும்தான். அங்கேயும் பணக் கணக்கு எல்லோருக்கும் சாதகமாக இல்லை: லண்டனின் நிதி ஆய்வு நிறுவனம் (IFS) 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பட்டம் படித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் படிக்காமல் இருந்திருந்தால் பணத்தளவில் மேலாக இருந்திருப்பார் என்று வந்தது.

ஆஸ்திரேலியா வேறொன்றைச் செய்து பார்த்தது. 2021-இல் வரலாறு உள்ளிட்ட கலைப் பிரிவுப் பாடங்கள் பலவற்றுக்கு மாணவர் கட்ட வேண்டிய பங்கை ஆண்டுக்கு 14,500 ஆஸ்திரேலிய டாலராக, அதாவது முன்பிருந்ததைப்போல் இருமடங்குக்கும் மேலாக உயர்த்தியது. கணிதம், செவிலியம், ஆசிரியப் படிப்புகளுக்கு 3,950 ஆகக் குறைத்தது. விலையைக் கூட்டினால் மாணவர்கள் பாடம் மாறுவார்கள் என்று எதிர்பார்ப்பு. குறைவாகச் சம்பாதிக்கும் பாடத்துக்கு அதிகக் கடன் என்ற இந்தத் தலைகீழ் ஏற்பாடு எனக்கு இன்னும் புரிபடவில்லை. வருமானத்தைப் பொறுத்துத் திருப்பிக் கட்டும் முறை என்பதால் உடனடி வலி இல்லை, வலி நீண்ட காலத்துக்குப் பரவியிருக்கிறது.

அமெரிக்காவிலும் வருமானத்தைப் பொறுத்த தவணை உண்டு. 2026 ஜூலையில் தொடங்கும் புதிய திட்டத்தில் வருமானப் படிநிலைக்கேற்ப 1 முதல் 10 சதவீதம் வரை. ஆண்டு வருமானம் 42,000 டாலர் என்றால் 4 சதவீதம், மாதம் 140 டாலர், முன்னே பார்த்த 305-இல் பாதிகூட இல்லை. 27,000 டாலர் கடனுக்கு மாத வட்டியே சுமார் 144 ஆகிறது, தவணை வட்டிக்கே போதாது. அந்த மீதி வட்டியை அரசு தள்ளுபடி செய்கிறது, அசலும் மாதம் 50 டாலர் வரை குறையும்படி உதவுகிறது. 30 ஆண்டில் மிச்சம் தள்ளுபடி. அப்பா அம்மா பெயரில் வாங்கும் புதிய கடனுக்கும் தனியார் கடனுக்கும் இந்தச் சலுகை கிடையாது. ஒரே தொகையானாலும் யாரிடம், யார் பெயரில் வாங்கினோம் என்பது முக்கியமாகிறது.

வரலாற்று மாணவர்களுக்கென்றே செய்தது போன்ற ஒரு சலுகையும் இருக்கிறது. 2007-இல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி: அரசு அமைப்பிலோ தகுதியுள்ள லாபநோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மத்திய அரசுக் கடனின் மிச்சம் நீங்கிவிடும். அரசுப் பள்ளி, தேசியப் பூங்கா சேவை, தேசிய ஆவணக் காப்பகம், லாபநோக்கற்ற அருங்காட்சியகம் என்று வரலாறு படித்தவர்கள் போகும் இடங்கள் பல இதில் வரும். வேலை தரும் நிறுவனம் தகுதியுள்ளதா என்று ஆண்டுதோறும் சான்று வாங்கி வைப்பது அலுப்பான வேலைதான், விட்டுவிட்டால் பத்தாவது ஆண்டில் தலைவலி. ஆசிரியர்களுக்கென்று தனியாக இருக்கும் தள்ளுபடி சிறியது: குறைந்த வருமானப் பகுதிப் பள்ளியில் தொடர்ந்து ஐந்து ஆண்டு பணி செய்தால், கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு 17,500 டாலர் வரை, வரலாற்று ஆசிரியருக்கு 5,000 வரைதான்.

பள்ளி ஆசிரியர் ஆவதுதான் திட்டம் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் வரலாறு பெரும்பாலும் 'சமூகக் கல்வி' என்ற பெயரில் நடக்கிறது, அதற்கு மாநிலத்தின் கற்பித்தல் உரிமம் வேண்டும், வரலாற்றுப் பட்டம் மட்டும் போதாது. அந்த உரிமத்துக்கான தாள்களையும் பள்ளியில் பாடம் நடத்திப் பழகும் பயிற்சியையும் நான்கு ஆண்டுப் பட்டத்துக்குள்ளேயே முடிக்க முடியுமா என்று சேரும்போதே துறை ஆலோசகரிடம் கேட்டுவிடுவது நல்லது. மூன்றாம் ஆண்டில் போய்க் கேட்டால் ஒரு பருவமாவது கூடும், அந்தப் பருவத்துக்கும் கடன் வாங்க வேண்டியிருக்கும்.